வெள்ளக் காப்பீடு: டிடக்டிபிளை 10,000 டாலராக ஏற்றலாமா?

ஹூஸ்டன் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் வீட்டின் ஃபெமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெள்ளக் காப்பீட்டுக்குப் புதுப்பிப்புக் கடிதம் வந்திருக்கிறது, 2022இல் கணக்கிடும் முறையை மாற்றியதிலிருந்து பிரீமியம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டேதான் போகிறது (குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம்தான் உச்சவரம்பாம், பெரிய ஆறுதல்!). டிடக்டிபிளை, அதாவது சேதத்தில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகையை, 2,000இலிருந்து 10,000 டாலராக்கினால் பிரீமியம் குறையும் என்கிறார் ஏஜென்ட். சரி, ஆனால் கட்டடத்துக்குத் தனியாக, வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக இரண்டு முறை கழிப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, நானே பாலிசியைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2017 ஹார்வி புயலில் பக்கத்து வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஊறிப்போன சுவர்ப் பலகையை நாலடி உயரத்துக்கு வெட்டி எடுத்து, சோஃபா, மெத்தையோடு தெருவோரம் குவித்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு நாளில் 20,000 டாலர் கைக்காசு எங்களால் புரட்ட முடியாது.

யாராவது இப்படி ஏற்றியிருக்கிறீர்களா? வீட்டுக் கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டதா? கட்டடத்துக்கு மட்டும் ஏற்றிவிட்டுச் சாமான்களுக்குக் குறைவாகவே வைத்துக்கொள்ள விட்டார்களா? அப்புறம், எலிவேஷன் சர்டிஃபிகேட் (வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் சான்றிதழ்) எடுத்துக் கொடுத்ததில் யாருக்காவது பிரீமியம் குறைந்ததா? பாலிசியை விட்டுவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டும், புயல் காலத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. பணம் கட்ட இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.