கோர்தோபா போற பிளான் (குடும்பக் குழு)

நித்யா: திங்கக்கிழமை மாட்ரிட்ல இருந்து தெற்கு ஸ்பெயின்ல இருக்கிற கோர்தோபா போய்ட்டு ராத்திரியே திரும்பலாம்னு இருக்கோம். எதெல்லாம் விடக்கூடாது?

ரகு மாமா: முதல்ல கிழமையை மாத்தும்மா. திங்கள்ல மெஸ்கீத்தா (மசூதியா இருந்து தேவாலயமா மாறின பெரிய கட்டடம்) திறந்திருக்கும். ஆனா மதீனா அசாஹாராங்கிற இடிபாட்டு நகரம், யூதர் தொழுகைக்கூடம், வியானா மாளிகை மூணும் லீவு.

மாலதி சித்தி: திங்க ராத்திரியே போய்த் தங்கிடு. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் காலை 8.30-9.30 மெஸ்கீத்தா இலவசம். காசு மிச்சம்ங்கிறது பெருசில்ல. அந்த நேரத்துல சுற்றுலாக் குழுக்களை உள்ள விடமாட்டாங்க, அதான் விசேஷம். பூசைக்காக 9.30க்கு முன்னாடியே வெளியேத்திடுவாங்க.

நித்யா: ஒரு மணி நேரம் போதுமா?

ரகு மாமா: வரிசையாப் பாத்தா போதும். மசூதியோட முதல் பகுதி 785ல ஆட்சியாளர் முதலாம் அப்துர் ரஹ்மான் ஆரம்பிச்சது. தூணெல்லாம் பழைய ரோமானிய, விசிகோத் (ரோமானியருக்கு அப்புறம் ஆண்டவங்க) கட்டடங்கள்ல இருந்து எடுத்தது. எல்லாம் குட்டை, அதை மட்டும் வச்சா கூரை தாழ்ந்துபோகும். அதனால தூண் மேல கல்தூண் ஏத்தி ரெண்டடுக்கு வளைவு போட்டாங்க. கீழ் வளைவு தூண்கள் சாயாம பிடிச்சுக்குது, மேல் வளைவு கூரையைச் சுமக்குது. தூண் தலைப்புகளைப் பாரு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது.

ரகு மாமா: அங்கிருந்து நேரா தெக்குச் சுவருக்குப் போ. கலீஃபா இரண்டாம் அல் ஹக்கம் கட்டின மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டுற மாடம்), பைசாந்தியக் கைவினைஞர் வேலையோட தங்க மொசைக். நடுவுல இருக்கிற தேவாலயத்தைக் கடைசியா வச்சுக்கோ, அது 1523ல ஆரம்பிச்சது.

அருண்: மிஹ்ராப் ஏன் மாமா சுவருக்கு நடுவுல இல்ல?

மாலதி சித்தி: பிற்காலத்துல அமைச்சர் அல் மன்சூர் மசூதியைப் பெருசாக்கினப்ப தெக்கே ஆறு, மேக்கே அரண்மனை. கிழக்குப் பக்கம் மட்டும்தான் இடம் இருந்துச்சு, அதனால சுவர் ஒரு பக்கமா நீண்டுடுச்சு. அந்தப் பகுதி வளைவுகளைக் கிட்டப் போய்ப் பாரு. பழசுல செங்கல்லும் கல்லும் மாறி மாறி வரும். இங்க முழுக்கக் கல்லு, சிவப்புச் சாயம் மட்டும் பூசியிருக்கும்.

நித்யா: மணிக்கோபுரம்?

ரகு மாமா: தனி டிக்கெட், நேரம் குறிச்சுத் தருவாங்க. படி ஏறணும், அம்மாவுக்கு முழங்கால் வலின்னா வேண்டாம்.

மாலதி சித்தி: யூதர் தொழுகைக்கூடம் 1315ல கட்டின சின்ன அறை, கால் மணி போதும். வியானாவுல 12 முற்றம், பூந்தொட்டி பிடிச்சவங்களுக்கு அதுவே ஒரு மணி நேரம் இழுக்கும்.

அருண்: மதீனா அசாஹாரா தூரமா?

ரகு மாமா: மேக்கே 8 கிலோமீட்டர். 936ல ஆரம்பிச்ச அரண்மனை நகரம். ஊர்ல இருந்து போற பஸ் அருங்காட்சியகத்தோட நின்னுடும், இடிபாடு இருக்கிற மேட்டுக்கு இன்னொரு பஸ். நிறைய பேர் அந்த ரெண்டாவது பஸ்ஸுக்கு நேரம் ஒதுக்காம மாட்டிக்கிறாங்க. அரை நாள் வச்சுக்கோ. நிழலே கிடையாது, ஜூலை ஆகஸ்ட்ல 40 டிகிரி தாண்டும். தண்ணி, தொப்பி எடுத்துக்கோ.

மாலதி சித்தி: சாப்பாட்டுக்கு சால்மோரேஹோ கேளு. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைச்ச குளிர்ந்த சூப். மேல முட்டையும் பன்றிக்கறியும் தூவுவாங்க. சைவம்னா ஆர்டர் பண்ணும்போதே "சின் ஹாமோன், சின் உவேவோ"ன்னு (பன்றிக்கறி வேண்டாம், முட்டை வேண்டாம்) சொல்லிடு.