அப்பாரு தோட்டம் குடும்ப குரூப்

செல்வராசு: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம கருப்பராயன் கோயில் கெடா வெட்டுக்கு எப்படியும் வர்றீங்க. அதனால சனிக்கெழம பொழுதோடவே வந்துருங்க, மேக்காட்டு கொறங்காட்டுல, அதான் நம்ம மேய்ச்சக் காட்டுல, பூனைப்பருந்து எண்ணணும், நாலு ஆளு வேணும்

தீபக்: பூனையா பருந்தா மாமா

கவிதா: 😂😂

சரசு: 🎤 குரல் செய்தி 2:14

கவிதா: அத்தை கம்பெனில இருக்கேன், கேக்க முடியாது, டைப் பண்ணுங்க

சரசு: கொடலு யாரு கழுவறது

செல்வராசு: சரசு அத அப்பறம் பேசலாம். தீபக் கேட்டதுக்கு சொல்றேன். இது பருந்து சாதிதான், கசகஸ்தான் ரஷ்யா பக்கம் புல்வெளில குஞ்சு பொரிச்சுட்டு புரட்டாசி அய்ப்பசில நம்ம பக்கம் வந்து பங்குனி வரைக்கும் இருக்கும், பகல் பூரா தனித்தனியா காடு மேல தாழப் பறந்து வெட்டுக்கிளி புடிக்கும், ஆனா ராத்திரி தூங்க மட்டும் எல்லாம் ஒரே எடத்துல கூடும், அதுவும் மரத்துல இல்ல, தரைல, கொழுக்கட்டைப் புல்லுக்குள்ள. காத்தால எண்ணுனா ஒரே பறவைய மூணு ஆளு எண்ணிருவோம். அதனாலதான் பொழுதோட எறங்கறப்ப எண்ணறது. குஜராத்துல வெளாவதார்னு ஒரு எடம், அங்க நூத்துக்கணக்குல எறங்கும்

தீபக்: ஓகே மாமா

கவிதா: சித்தப்பா இன்னும் கிளாஸ் எடுக்கறத விடல

பழனிசாமி: எண்ண வேண்டாம்

செல்வராசு: ஏனுங்ணா

பழனிசாமி: டீக்கடைல பேசிக்கறாங்க. பறவ கணக்கு எழுதிக் குடுத்தா பாரஸ்ட்காரன் வந்து நெலத்த புடிச்சுக்குவானாம்

கவிதா: திருப்பூர் நஞ்சராயன் கொளத்த பறவைக சரணாலயம் ஆக்குனாங்கல்ல, அதுல இருந்து அப்பாவுக்கு இந்த பயம்

செல்வராசு: அது கவருமெண்டு கொளம் அம்மிணி. அதுல தண்ணிப் பறவைக. நம்முளுது பட்டா காடு. எத்தன பருந்து எறங்குதுன்னு நோட்டுல எழுதுனா பட்டா எங்க போகும்

பழனிசாமி: எழுதறது எதுக்கு

செல்வராசு: போன வருசத்த விட கொறைஞ்சுதா எச்சா வந்துச்சான்னு தெரிய வேண்டாமா. ஒரே எடம், ஒரே நேரம், வருசா வருசம். சும்மா பாத்து 'நெறைய'ன்னு சொன்னா அது கணக்கு இல்ல

மணி பெங்களூர்: பெரியப்பா பயப்படறது பாரஸ்டுக்கு இல்ல, சோலாரு லீசு கை விட்டுப் போயிருமோன்னு

மணி பெங்களூர்: இந்த செய்தி நீக்கப்பட்டது

கவிதா: படிச்சாச்சு 🙄

செல்வராசு: ஓ. சோலார் புரோக்கர் வந்துட்டு போனது உண்மைதானுங்களா

பழனிசாமி: வந்தான். ஏக்கராவுக்கு வருச வாடகை பேசறான். மழ இல்ல, மேயறதுக்கு மாடும் இல்ல, கெளுவ வேலி கட்ட ஆளும் இல்ல. சும்மா கெடக்கறதுக்கு பணம் வருதுல்ல

செல்வராசு: சும்மா கெடக்கல. என்ற காரி மாடு ரெண்டும் அங்கதான் மேயுது

பழனிசாமி: ரெண்டு மாட்டுக்கு அத்தன ஏக்கராவா

மணி பெங்களூர்: அப்பா நானும் சொன்னேன்ல, லீசுதான, வித்தற போறமா

செல்வராசு: உன்னைய கேக்கல

சரசு: அப்பாரு இருக்கறப்பவே பங்கு பிரிச்சிருந்தா இந்த பேச்சே இல்ல

தீபக்: அம்மா வேண்டாம்

சரசு: என்ற கோழிக்குஞ்சு தூக்கறதும் இதேதான், இத எண்ணி வேற பாக்கறாங்களாம்

செல்வராசு: அது வைரி. வருசம் பூரா நம்மூர்லயே கெடக்கறது. இது அது இல்ல

செல்வராசு: 📷 பாரு. கொறங்காட்டுல வெள்வேலத்துக்கு அக்கட்டால புல்லுக்குள்ள கெடந்துச்சு. எச்சம் இல்ல, பூனைப்பருந்து வாய் வழியா கக்கற உருண்டை. கட்ட வெரலு மொத்தம். பிச்சுப் பாத்தா பூரா வெட்டுக்கிளி காலு, காலுல ரம்பம் மாதிரி இருக்கற முள்ளு கூட அப்படியே இருக்கு, நடுவுல கொஞ்சம் எலி மசுரு. இறகு இல்ல, கோழியும் இல்ல. ராத்திரி எங்க தூங்குச்சுன்னு இத வெச்சே கண்டுபுடிச்சரலாம்

கவிதா: சித்தப்பா சாப்பிட்டுட்டு இருக்கேன் 🤢

மணி பெங்களூர்: நாகாலாந்துல லட்சக்கணக்குல வந்துச்சுன்னு வீடியோ பாத்தனே, அது இதுவா

செல்வராசு: இல்ல. அது அமூர் வல்லூறு. சைபீரியா, வட சீனா பக்கம் இருந்து நாகாலாந்து வழியா ஆப்பிரிக்காவுக்கு போறது, அரபிக்கடல தாண்டியே போகும், எடை பாத்தா புறாவுல பாதி கூட இல்ல. 2012ல தோயாங் அணை பக்கம் வலை கட்டி ஆயிரக்கணக்குல புடிச்சாங்க. அடுத்த வருசமே ஊருக்காரங்களே நிறுத்திட்டாங்க

தீபக்: அவிய நெலத்த பாரஸ்ட் புடிச்சுதா மாமா

செல்வராசு: உன்ற பெரிய மாமன கேளு

பழனிசாமி: 👍

கவிதா: அப்பா அந்த 👍க்கு என்ன அர்த்தம்

சரசு: (பகிரப்பட்டது) புரட்டாசி சனிக்கிழமை கருடனை பார்த்தவர்கள் இதை 11 பேருக்கு அனுப்பவும்

தீபக்: புரட்டாசி முடிஞ்சுதும்மா, முடிஞ்சதாலதான கெடாவே வெட்டறோம்

செல்வராசு: சரி கவனிங்க. 5 மணிக்கு மூலைக்கு ஒருத்தர் ஒக்காரணும், வெள்ளச் சட்ட வேண்டாம், பேச்சு கூடாது. எறங்கறத மட்டும் எண்ணுங்க, எறங்குனது மறுபடி எந்திரிச்சா ஒண்ணு கழிங்க, அதுல ஏமாந்தா கணக்கு ரெட்டிப்பாயிரும். சாம்பக் கலரு ஆணு. பொட்டையும் குஞ்சும் பழுப்பு, வாலு ஆரம்பிக்கற எடத்துல வெள்ள இருக்கும், அதுக பூனைப்பருந்துலயே எந்த சாதின்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தெரியலீனா பூனைப்பருந்துன்னு மட்டும் எழுதுங்க, ஊகத்துல பேரு போடாதீங்க

தீபக்: நானும் ப்ரெண்டு ஒருத்தனும் வர்றோம். ட்ரோன் இருக்கு

செல்வராசு: ட்ரோன் ஆகாது. சத்தத்துக்கு அத்தனையும் எந்திரிச்சு போயிரும்

கவிதா: சனிக்கெழம சம்பள நாளு சித்தப்பா, நான் வர ஏழு ஆயிரும்

செல்வராசு: ஆறரைக்கு கண்ணே தெரியாது அம்மிணி

பழனிசாமி: நான் வர்றேன். என்ன எழுதறேன்னு பாக்கணும்

செல்வராசு: வாங்ணா. வடக்கு மூல உங்களுக்கு

பழனிசாமி: வடக்கு மூலதான் அப்பாரு எனக்குன்னு சொன்னது

செல்வராசு: ஒக்காரறதுக்கு சொன்னனுங்ணா

மணி பெங்களூர்: லீசு விசயம் ஞாயித்துக்கெழம எல்லாரும் இருக்கறப்ப பேசிக்கலாமா

பழனிசாமி: பாக்கலாம்

செல்வராசு: கெடா வெட்டு அன்னிக்கு வேண்டாம்

சரசு: எல்லாரும் சனிக்கெழமயே வந்தா சாளைல பாய் பத்தாது, கவிதா உன்ற ஊட்டுல இருந்து மூணு போட்டு அனுப்பு

கவிதா: ரெண்டுதான் இருக்குதுங்க அத்தை