டாட் ஆர்க் என்றாலே நம்பலாமா? பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடச் சொல்லிக்கொடுக்கிறேன். தளத்தின் முகவரி எப்படி முடிகிறது என்று பார்க்கச் சொல்லி, 'டாட் காம் (.com) வியாபாரம், டாட் ஆர்க் (.org) சேவை' என்றுதான் போன மாதம்வரை சொல்லிவந்தேன். அதை நம்பி ஒரு மாணவியின் அம்மா, ஆர்க் என்று முடிந்த ஒரு தளத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்துவிட்டார். ரசீது என்று ஒரு தாளை நீட்டினார். மேலே அரசு முத்திரை மாதிரி ஒரு படம், கீழே ஒரு செல்போன் எண், அவ்வளவுதான். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1985இல் வந்தபோது ஆர்க், மற்ற வகைகளில் அடங்காத அமைப்புகளுக்கு என்று ஒதுக்கப்பட்டதாம். இன்று காசு கட்டினால் யாரும் வாங்கலாம். காம், நெட், இன் எல்லாம் அப்படியே. ஜிஓவி டாட் இன் (.gov.in) மட்டும் அரசுக்கே உரியது. பாஸ்போர்ட்டின் உண்மையான தளமும் அப்படித்தான் முடிகிறது. சரி, அதையே விதியாகச் சொல்லலாம் என்றால், ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி அரசு நிறுவனம், அதன் முகவரியோ கோ டாட் இன்!

பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக அரைப்பக்கத் தாள் ஒன்று தயாரிக்கிறேன். தளத்தை நடத்துவது யார், காசு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, பின்னொட்டு தவிர வேறு எதைப் பார்க்கச் சொல்வீர்கள்? வகுப்பில் திறந்து காட்ட, லாபநோக்கில்லாத டாட் காம் தளம் ஏதாவது தெரியுமா? வரும் வெள்ளிக்குள் சொன்னால் பெரிய உதவி.