புதுப்பிப்பு: அப்பாவின் மஞ்சள் பை

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: அப்பாவின் பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோய்ச் சீட்டுகள் மஞ்சள் பையில் கிடக்கின்றன, கைபேசிக்கு மாற்றலாமா என்று. மாற்றிவிட்டேன்.

மருத்துவ ஆவணங்களை இணைக்கும் ஒன்றிய அரசுத் திட்டத்தின் அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண், ஆதாரை வைத்து உடனே கிடைத்தது. ஆனால் நான் நம்பியதுபோல் பழைய அறிக்கைகள் தாமாக வந்து விழவில்லை. 2021இல் நாடு முழுவதும் தொடங்கிய இத்திட்டத்தில் ஆவணங்கள் அந்தந்த மருத்துவமனையிடமே இருக்கும். எண் வெறும் இணைப்புதான். நாம் ஒப்புதல் தந்தால்தான் வேறு மருத்துவர் பார்க்க முடியும். அப்பா போகும் ஆய்வகமோ இன்னும் இணையவே இல்லை.

ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏற்றினேன். வெப்பத்தாளில் அச்சான பழைய இசிஜி முற்றிலும் வெளிறி, வெறும் தாளாகிவிட்டிருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவுகளை வரிசையாகப் பார்த்த மருத்துவர் மாத்திரையை மாற்றினார்.

மஞ்சள் பையை மட்டும் அப்பா தர மறுக்கிறார். “சார்ஜ் தீர்ந்தால் என்னடா செய்வாய்?”