புதுப்பிப்பு: மிளகாய்த்தூள் நோட்டீஸ் விஷயம்

போன கிழமை கேட்டிருந்தன்: எங்கட மிளகாய்த்தூள் பக்கற்றையும் இன்னொரு கொம்பனியின்ர பக்கற்றையும் பக்கத்தில வைச்சு, "அதில சாயம், இதில மிளகாய் மட்டும்" எண்டு நோட்டீஸ் அடிச்சு உப்புவெளியில ஒட்டினன். அவையின்ர சட்டத்தரணி கடிதம் அனுப்பிட்டார், என்ன செய்யிறது எண்டு.

நேற்று திருகோணமலையில ஒரு சட்டத்தரணி அக்காவைச் சந்திச்சன். முதல் கேள்வியே, "சாயம் எண்டதுக்கு ஆய்வறிக்கை இருக்கா தம்பி?" இல்லை. கிளாஸ் தண்ணியில கரைச்சுப் பார்த்ததுதான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 160 ஆம் பிரிவு: பொய்யாவோ நியாயமில்லாமலோ மற்றவரின்ர பொருளுக்கு இழுக்குச் சொன்னா அது நேர்மையற்ற போட்டி. பேர் போடேல்லைத்தானே எண்டு இருந்தன்; பக்கற்றின்ர நிறமே ஆளைக் காட்டிக் குடுக்குமாம். சனத்தைப் பிழையா நம்ப வைச்சா அதே ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வரும்.

விலையை ஒப்பிடுறதெண்டா அதே நிறை, அதே நாள், பற்றுச்சீட்டும் கையில இருக்கவேணும்.

இண்டைக்கு விடியவே மச்சானும் நானும் போய் எல்லாத்தையும் தண்ணியால நனைச்சுச் சுரண்டி எடுத்தம். புது நோட்டீஸில எங்கட மிளகாய், காயவைக்கிற முற்றம், விலை மட்டும். பதில் கடிதத்தை அக்கா திங்கக்கிழமை அனுப்புறா.