கையெழுத்துப் போட்டாச்சுன்னா கேஸ் போட முடியாதா?

வாடைக்காத்து
நேத்து பிரசவச் செலவு பத்தின இழையில சேதுக்கரை எழுதுனது இது: "பேப்பர்ல கையெழுத்துப் போட்டவன் அப்புறம் டாக்டர் மேல கேஸ் போட முடியாது. கையெழுத்துன்னா கையெழுத்துதான்." படிச்சதுலருந்து மனசு ஆறல. அதனால தனியா எழுதுறேன்.

என் தங்கச்சிக்குத் தலைச்சன் பிரசவம். வீடு மண்டபம் பக்கம். சாயங்காலம் 6 மணிக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு, ராமநாதபுரத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். 8 மணிக்குப் பார்த்த டாக்டரம்மா "காலையில சுகப்பிரசவம் ஆயிரும்"னுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. ராத்திரி 1 மணியிலருந்து தண்ணி பச்சையாப் போகுதுன்னு எங்கம்மா நர்ஸ் பிள்ளைகிட்ட நாலு தடவை சொல்லியிருக்காங்க. 3 மணிக்குத்தான் மிஷின் வச்சுப் பார்த்தாங்க. 4 மணிக்கு மச்சான்கிட்ட ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்து வாங்குனாங்க. டாக்டரம்மா உள்ள வந்தப்ப 4.50. பிள்ளை பிறந்தது 5.20. அழுகவே இல்ல. அங்கிருந்து மதுரை, 21 நாள் பச்சப்புள்ள ஐசியூ. இப்ப அவனுக்கு 1 வருஷம் 10 மாசம். கழுத்து நிக்கல. மூளைவாதம்னு 9 மாசத்துலதான் சொன்னாங்க.

கேஸ் போடுறதா வேண்டாமான்னு வீட்டுல ஆறு மாசமாப் பேச்சு. தங்கச்சி போடணும்கிறா. மச்சான் "நான்தானே கையெழுத்துப் போட்டேன்"னு சுவத்துல முட்டிக்கிறார். சேதுக்கரை, நீங்க எழுதுன அந்த ஒரு வரியைத்தான் ஆஸ்பத்திரிக்காரங்களும் அவர்கிட்டச் சொல்லி அனுப்புனாங்க. உங்களுக்கு எந்தச் சட்டம் தெரியும்னு அதை எழுதுனீங்க?

சேதுக்கரை
எழுதுனதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன். எனக்குச் சட்டம் தெரியாது, கோர்ட்டு தெரியும். எங்க அண்ணன் மகளுக்கு இதே மாதிரி ஆயி எட்டு வருஷம் அலைஞ்சோம். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாள் எடுத்துக் காட்டுனது அண்ணன் போட்ட கையெழுத்தைத்தான். அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு. ரெண்டு நாட்டுப்படகு வித்த காசு போச்சு. உங்க மச்சானுக்கு இருக்குற விவரம் உங்களுக்கு இல்லை.

கோர்ட் வாசல்
வக்கீல் ஆபீஸ்ல 14 வருஷமா குமாஸ்தாவா இருக்கேன். சேதுக்கரை அண்ணே, அந்தப் பேப்பர் சிகிச்சைக்குச் சம்மதம். சரியாப் பாக்காம விடுறதுக்குச் சம்மதம் இல்ல. எந்தச் சம்மதப் பத்திரமும் டாக்டரோட கடமையை எடுத்துராது. உங்க அண்ணன் கேஸ் வேற எதுலயாவது தோத்திருக்கும்.

இன்னொண்ணு. சமீரா கோலி வழக்குல 2008ல உச்ச நீதிமன்றம் சொன்னது, வயசுக்கு வந்து நினைவோட இருக்குற பொம்பளைக்கு அவங்களோட சம்மதம்தான் வேணும். அந்தக் கேஸ்ல பெத்த தாய் குடுத்த சம்மதமே செல்லல. இங்க தங்கச்சி நினைவோடதானே இருந்தாங்க? அவங்ககிட்ட ஏன் கேக்கல?

சேதுக்கரை
அந்தம்மாவுக்குக் கோர்ட்டு குடுத்தது எம்புட்டு? 25,000 ரூபாய். 1995ல நடந்த ஆபரேஷனுக்கு 2008ல தீர்ப்பு. அதையும் சேர்த்து எழுதுங்க. பாதியைச் சொல்லி ஆளை உசுப்பேத்துறது குமாஸ்தாமார் பொழப்பு. கையெழுத்து இருக்கு. மச்சான் போட்டிருக்கார். இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

வாடைக்காத்து
இல்லைன்னு யார் சொன்னா? விடியக்காலம் 4 மணிக்கு, உள்ள பொண்டாட்டி கத்திக்கிட்டிருக்கப்ப, இங்கிலீஷ்ல அச்சடிச்ச பேப்பர். அவர் எட்டாவது. போடலைன்னா உள்ள கொண்டுபோக மாட்டோம்னு சொன்னாங்க. நீங்களா இருந்தா படிச்சுப் பாத்துட்டா போட்டிருப்பீங்க?

ஓய்வுபெற்ற செவிலி
பிரசவ வார்டுல 31 வருஷம் நின்னவ நான். எல்லாரும் கையெழுத்தையே புடிச்சுத் தொங்குறீங்களே தம்பி, கேஸ் அங்க இல்ல. கேஸ் ஷீட்டைக் கேளுங்க. அதுல பார்ட்டோகிராம்னு ஒரு வரைபடம் இருக்கும். கர்ப்பவாய் எத்தனை விரல் திறந்துச்சு, பிள்ளையோட துடிப்பு எம்புட்டு, தண்ணி என்ன நிறம், எல்லாம் மணி போட்டுக் குறிக்கணும். துடிப்பு 110லருந்து 160க்குள்ள இருக்கணும். நல்லா வலி எடுத்த பிறகு அரை மணிக்கு ஒருக்கா கேட்டே ஆகணும், பிள்ளை இறங்கி முக்குற நேரத்துல 5 நிமிஷத்துக்கு ஒருக்கா. 1 மணிக்குத் தண்ணி பச்சைன்னா பிள்ளை உள்ளயே மலம் போயிருச்சுன்னு அர்த்தம். 1லருந்து 3 வரைக்கும் அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு? அதான் கேள்வி.

ஆனா ஒண்ணு, அந்த நர்ஸ் பிள்ளையைத் திட்டாதீங்க. தனியார்ல ராத்திரிக்கு ஒரே ஆளு எட்டுப் பேரைப் பாக்கும், அதுவும் படிப்பு முடிக்காத பிள்ளையா இருக்கும். அப்புறம், மூளைவாதம் எல்லாமே பிரசவத்துல வர்றதில்ல. பெரும்பாலானதுக்குக் காரணம் வயித்துல இருக்கையிலயே நடந்திருக்கும். ஸ்கேனும் மதுரை டிஸ்சார்ஜ் சீட்டும் பாக்காம யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது.

வாடைக்காத்து
அம்மா, நீங்க பெரியவங்க. ஆனா அந்தக் கடைசி வரி எங்க நெஞ்சுல குத்துது. ஏழாம் மாசம் ஸ்கேன் நல்லாருந்துச்சு. எட்டாம் மாசமும் நல்லாருந்துச்சு. மதுரை சீட்டுலயே பிறக்கும்போது ஆக்சிஜன் போகாம மூளை பாதிச்சதுன்னுதான் எழுதியிருக்கு. இத்தனைக்குப் பிறகும் எங்க பிள்ளை மேலதான் குத்தமா?

ஓய்வுபெற்ற செவிலி
பிள்ளை மேல குத்தம்னு நான் எங்க சொன்னேன்? எதிர்த்தரப்பு இதைத்தான் கேக்கும், தயாரா இருங்கன்னு சொல்றேன். பாத்த வேலையை வச்சுச் சொல்றவளை எதிரியாக்காதீங்க.

கீழக்கரைக் காக்கா
எனக்கு விளங்காதது இதுதான். ராமநாதபுரத்துல 2022லருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்குது. 24 மணி நேரமும் டாக்டர் இருக்காங்க. அதை விட்டுட்டு டாக்டர் வீட்டுக்குப் போயிடுற இடத்துக்கு ஏன் போனீங்க?

வாடைக்காத்து
மாசாமாசம் செக்கப் பாத்த டாக்டரம்மா அங்க இருந்ததால போனோம். வலி வந்த பிறகு இடம் மாத்துவாங்களா? நீங்க கீழக்கரையில உக்காந்து சுலபமாச் சொல்லிருவீங்க. பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் வந்து ஒரு பிரசவத்தை ராத்திரியில தூக்கிட்டு ஓடிப் பாருங்க காக்கா.

கீழக்கரைக் காக்கா
எங்க ஊருலருந்தும் ராத்திரியில ஓடத்தான் செய்றோம் தம்பி. என் மருமகளை 108ல கொண்டுபோய் அரசு ஆஸ்பத்திரியிலதான் பெத்தெடுத்தோம். தீவுப் பக்கம் மட்டும்தான் கஷ்டம்னு பேசாதீங்க. ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி ஆளுங்களைக் கேளுங்க.

சேதுக்கரை
அரசோ தனியாரோ, கையெழுத்து எல்லா இடத்துலயும் வாங்குவான். அதைப் பேசாம ஊர்ச்சண்டை எதுக்கு? அரசு ஆஸ்பத்திரி மேல கேஸ் போட்டா பத்துப் பைசா வராது, அதுவும் எனக்குத் தெரியும்.

கோர்ட் வாசல்
அதுவும் தப்பு அண்ணே. டாக்டர் மேல நஷ்டஈடு கேக்குறது நுகர்வோர் சட்டத்துலதான், எல்லாருக்கும் முழு இலவசமாப் பாக்குற இடம் அதுக்குள்ள வராதுன்னு உச்ச நீதிமன்றத்தோட 1995 தீர்ப்புல இருக்கு, நிஜம்தான். ஆனா 1996ல எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில 29வது வாரத்துல ஒரு பொம்பளைப்பிள்ளை பிறந்துச்சு, எடை 1,250 கிராம். குறைமாசப் பிள்ளைக்குக் கண்ணைச் சோதிக்கணும்னு பெத்தவங்களுக்கு யாரும் சொல்லல, பிள்ளைக்குப் பார்வை போச்சு. 2015ல உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. தமிழ்நாடு அரசும் அதுல பொறுப்பு.

சேதுக்கரை
1996லருந்து 2015. 19 வருஷம். நீங்களே கணக்குச் சொல்லிட்டீங்க, நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 19 வருஷமும் கோர்ட்டுக்கு யார் நடக்குறது? கடலுக்குப் போறவன் நடப்பானா? அவன் வாய்தாவுக்குப் போனா வீட்டுல உலை எரியாது.

வாடைக்காத்து
கடலுக்குப் போறவனைப் பத்தி நீங்க பேசாதீங்க. போன வருஷம் தடைக்காலத்துல, ஏப்ரல் 15லருந்து 61 நாள் சும்மா இருக்கோமே, நிவாரணம் பத்தலைன்னு எழுதுனதுக்கு "வேற வேலை பாருங்க"ன்னு சொன்ன ஆள் நீங்க. நான் மறக்கல.

சேதுக்கரை
அதை இங்க எதுக்குக் கொண்டாரீங்க? அப்பவும் நான் சொன்னது சரிதான். எங்க அப்பாவும் கரைவலை இழுத்தவர்தான். கடல்ல அவரைப் பறிகொடுத்தவன் நான். எனக்கு யாரும் கடலைச் சொல்லித்தர வேண்டாம். விஷயத்துக்கு வாங்க: கையெழுத்து.

உச்சிப்புளி அம்மா
என் மகளுக்கு 11 வயசு, மூளைவாதம். நான் கேஸ் போடல. ஊருக்குப் பக்கத்துல சிசேரியன் பாக்குற இடம் அப்ப ஒண்ணுதான். ரெண்டாவது உண்டானப்ப எந்த வாசல்ல போய் நிக்கிறதுன்னு பயந்து கேஸ் போடாம விட்டுட்டேன். ரெண்டாவது பிள்ளையும் அதே டாக்டர்தான் பாத்தாங்க, நல்லபடியாப் பிறந்தான். இதுல நான் செஞ்சது சரியான்னு இன்னைக்கும் தெரியல. வாரத்துல மூணு நாள் பிசியோவுக்குப் பஸ்ல தூக்கிட்டுப் போறப்ப, போட்டிருக்கலாம்னு தோணும்.

தம்பி, கேஸ் போட்டாலும் போடாட்டியும் பிள்ளையை இப்பவே மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துல, அதான் வளர்ச்சி தள்ளிப்போற பிள்ளைகளைப் பாக்குற இடத்துல, காட்டுங்க. ஊனமுற்றோர் அட்டை எடுங்க. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நிராமயான்னு அரசு காப்பீடு இருக்கு, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபிக்கும் கிடைக்கும். தீர்ப்புக்காகக் காத்திருந்தா கைகால் இறுகிரும். அது கோர்ட்டுக்காக நிக்காது.

வாடைக்காத்து
அக்கா, இதை இத்தனை நாள்ல ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல. நாளைக்கே போறோம்.

கோர்ட் வாசல்
நாளைக்கு இன்னொரு வேலையும் இருக்கு. கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் குடுத்து, தேதி முத்திரை வாங்குங்க. 2002 மருத்துவ நெறிமுறைப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். ஆவணத்தை 3 வருஷம் வச்சிருக்கணும்னும் அதுல இருக்கு. ஆனா முக்கியமானது கேஸ் போடுற கெடு. 2019 நுகர்வோர் சட்டம் 69வது பிரிவு, ரெண்டு வருஷம். பிள்ளைக்கு 1 வருஷம் 10 மாசம்னா இன்னும் ரெண்டே மாசம்.

வாடைக்காத்து
9 மாசத்துலதானே நோய் தெரிஞ்சது? அதுலருந்து எண்ணினா இன்னும் 11 மாசம் இருக்கே.

கோர்ட் வாசல்
அப்படி வாதாடலாம். பாதிப்பு தெரிய வந்த நாள்லருந்து எண்ணலாம்னு 2010ல உச்ச நீதிமன்றம் ஸ்ரீகண்டே வழக்குல பேசுச்சு. ஆனா அதே வழக்குல கேஸ் போட்ட அம்மா தோத்தாங்க, அவங்களே நர்ஸ், ஆபரேஷன் முடிஞ்ச நாள்லருந்து வலி இருந்தும் 9 வருஷம் சும்மா இருந்தாங்கன்னு. இங்க பிறந்த அன்னிக்கே மதுரைக்கு அனுப்பியாச்சு, அன்னிக்கே தெரியும்னு எதிர்த்தரப்பு சொல்லும். பிறந்த தேதியையே வச்சு எண்ணுங்க. கட்டுன பில் 5 லட்சத்துக்குள்ளன்னா நுகர்வோர் ஆணையத்துல கட்டணம் கிடையாது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பாக்க மாட்டாங்க. 1998ல ஒரு குழந்தை வழக்குல குழந்தைக்குத் தனியா 12.5 லட்சம், மனவேதனைக்குப் பெத்தவங்களுக்குத் தனியா 5 லட்சம் குடுத்திருக்காங்க. ஆக உங்க மச்சானும் பாதிக்கப்பட்டவர்தான். குத்தவாளி இல்ல. இதை அவர்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டுங்க.

சேதுக்கரை
கட்டணம் இல்ல, வக்கீல் இலவசம். வேற டாக்டர் வந்து இந்த டாக்டர் செஞ்சது தப்புன்னு சாட்சி சொல்வாரா? எங்க அண்ணனுக்காக மதுரையில ஏழு டாக்டர் வீட்டு வாசல்ல நின்னோம். ஒருத்தர்கூட எழுதித் தரல. அந்த வேதனை எனக்கு இருக்கு, அதனாலதான் சொல்றேன்.

ஓய்வுபெற்ற செவிலி
இதை முதல்லயே சொல்லியிருந்தா மரியாதையா இருந்திருக்கும். அப்ப உங்க அண்ணன் கேஸ் தோத்தது சாட்சி இல்லாமதான். கையெழுத்தால இல்ல.

சேதுக்கரை
ரெண்டாலயும்தான். முதல்ல கையெழுத்து, அப்புறம் சாட்சி. தீர்ப்பு நகல் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு.

கோர்ட் வாசல்
அந்தத் தீர்ப்பைப் போட்டோ எடுத்துப் போடுங்க. கையெழுத்துனால தள்ளுபடின்னு ஒரு வரி இருந்தா நான் இந்த இழையில இனி எழுதல.

சேதுக்கரை
வீட்டுக் காகிதத்தை ஊருக்குக் காட்டணும்னு எனக்கு அவசியம் இல்ல.

கீழக்கரைக் காக்கா
பிறகென்ன, நாங்க நம்பணுமா?

வாடைக்காத்து
சேதுக்கரை, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என் மச்சான் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார். இப்பவும் பக்கத்துல உக்காந்து படிச்சுக்கிட்டுதான் இருக்கார். உங்களுக்குச் சரின்னு படுறது எதுவா இருந்தாலும், அந்த வார்த்தையை இங்க மறுபடியும் எழுதாதீங்க.

சேதுக்கரை
மச்சான் படிக்கட்டும், நல்லதுதான். அவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா நடந்ததை நடக்கலைன்னு நான் எழுத முடியாது. கையெழுத்து கையெழுத்துதான்.