புதுப்பிப்பு: நாக்கைச் சுட்ட வெனிலா புகையிலை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பைப்பில் வெனிலா புகையிலை போட்டால் வீடு முழுக்க கேக் மணம், எனக்கோ நாக்கெரிச்சல்தான் மிச்சம் என்று. காயவைக்கச் சொன்னீர்கள். தாளில் அரை மணி நேரம் பரப்பி வைத்தேன், பாதி குறைந்தது. இந்த வகையில் ஈரம் போகாமலிருக்க புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பதுண்டு. அந்த ஈரம் ஆவியாகி நாக்கைச் சுடுகிறது.

அப்புறம், ஓங்கோல் போய் வந்த மாமா வாசனை சேர்க்காத வர்ஜீனியா இலை கொஞ்சம் கொண்டுவந்தார். குப்பம் வீட்டுத் திண்ணையில் பற்றவைத்தோம். முதலில் வைக்கோல் மணம். மெதுவாக இழுத்தால் லேசான இனிப்பு. அது இலையின் சொந்தச் சர்க்கரை. சூடேற்றிய கொட்டகையில் சீக்கிரம் உலர்த்துவதால் தங்கிவிடுகிறது. பர்லி என்ற இன்னொரு வகைப் புகையிலை நிழலில் வாரக்கணக்கில் காய்வதற்குள் அதை இழந்துவிடும். அதனால்தான் அதற்கு அதிமதுரம், கோக்கோ எல்லாம் ஊட்டுகிறார்கள்.

ஒரு திருத்தம்: லட்டாக்கியா என்ற புகையிலையும் வாசனை ஊற்றியது என்று எழுதியிருந்தேன். தப்பு. அது விறகுப் புகையில் வாட்டிய இலை.

“வேகமா இழுத்தா இதுவும் சுடும்டா” என்றார் மாமா. சுட்டது. வெனிலா டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, அத்தைக்கு அந்த மணம்தான் பிடிக்கிறதாம்.